தாழி நெல்லும் கொற்கை மீனும்

நெய்தல் நில மக்களின் உணவு யாது? அகப்பொருள் இலக்கணம் பயின்ற மாணவர் உடனே விடை சொல்வார்: மீனும் உப்பும் விற்றுப் பெற்றவை. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறேன், ஆண்டுதோறும் உறுத்துகிறது. மீனை விற்றவர் மீன் உண்ணவில்லையா? பட்டினப்பாலைக் கவிஞருக்கு இந்த ஐயமே இல்லை. கடல் இறாலைச் சுட்டுத் தின்ற பரதவரை அவர் பாடியிருக்கிறார். இலக்கணிகள்தாம் விட்டுவிட்டார்கள்.

நாமும் அதே வழியில்தான் போகிறோமோ என்று தோன்றுகிறது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டபோது, தூத்துக்குடி மாவட்டத்துக்காரன் என்ற முறையில் நானும் மகிழ்ந்தேன். ஆனால் பேச்செல்லாம் ஆண்டைப் பற்றியே இருந்தது. அந்த நெல் கிடைத்த இடம் அடுக்களை அன்று, இடுகாடு. இறந்தவருக்கு வைத்ததெல்லாம் அவர் அன்றாடம் உண்டதாகிவிடாது. (நம் வீட்டுப் படையலில் மட்டும் என்ன, தாத்தா தினமும் குடித்த கஞ்சியையா வைக்கிறோம்?) ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, நெல் உமியோடு சிறுதானிய உமியையும் கண்டு குறித்திருக்கிறார். அங்கே கிடைத்த தங்க நெற்றிப்பட்டம் நமக்கு நினைவிருக்கிறது, உமி மறந்துவிட்டது.

கொற்கைக்கு வருவோம். 1968-69 அகழாய்வில் கிடைத்த கரி, அவ்வூரைக் கி.மு. 785 வரை கொண்டுசென்றது. அங்குக் கிடைக்கும் சங்குத் துண்டுகளை வளையல் அறுத்த கழிவு என்கிறோம். சரிதான். சங்கின் சதை எங்கே போயிற்று? இந்தக் கரையில் அது இன்றும் கறிதான். முத்துச்சிப்பியின் கதை வேறு. முத்தெடுக்கச் சிப்பிகளைக் குவித்து அழுகவிடுவது இங்கு நெடுங்கால வழக்கம். எனவே அந்த ஓட்டுக் குவியலை உண்ட எச்சம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அருகருகே கிடக்கும் இரண்டு ஓடுகள் இரண்டு வாழ்க்கையைச் சொல்லக்கூடும். அதை அறிய வெட்டுத் தடமும் சூட்டுத் தடமும் பார்க்க வேண்டும். மண்ணை நுண்சல்லடையில் நீர்விட்டு அலசினால்தான் நெத்திலி முள் அகப்படும். பானையோட்டில் ஊறிய கொழுப்பையும் சோதிக்கலாம். கீழடி எலும்புகளை மாடு, ஆடு, காட்டுப்பன்றி என இனம் பிரித்த பொறுமை இங்கும் தேவை.

2025 சனவரியில் அதே சிவகளையின் இரும்புக்குக் கி.மு. 3345 என்ற காலம் அறிவிக்கப்பட்டது. மீண்டும் மேடைகளில் ஆண்டு முழங்கியது. எனக்கென்னவோ, அடுத்த கொற்கை அறிக்கை கைக்கு வந்தால், முதலில் மீன்முள் பட்டியல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் தேடுவேன்.