ஆறாவது மைல் நீரில் படகு வேண்டாம்

ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் ஆற்று நீரைத் தேக்கி வைத்திருக்கிறது ஆறாவது மைல் நீர்த்தேக்கம். மழைக்குப் பின் அது நிரம்பி, பின்னால் மலைத்தொடர் பச்சையாய் எழுந்து நிற்கும்போது, இங்கே படகு விடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இது ஒரு நகரம் குடிக்கும் தண்ணீர். டீசல் கசிவும் பிளாஸ்டிக் குப்பையும் இதில் கலப்பதற்கு எந்த வருமானமும் ஈடாகாது. மேலே இருப்பதோ 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. அந்த அணில் ஆற்றோர மரங்களின் கிளைவழியே வாழ்வது. படகுத்துறைக்கும் சாலைக்கும் மரம் வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகும்.

தேக்கடியில் படகு ஓடவில்லையா என்பார்கள். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையால் உருவான அந்த ஏரி, பல கிளைகளாகக் காட்டுக்குள் நீள்கிறது. படகுச் சத்தம் கேட்டால் யானை வேறு கரைக்கு ஒதுங்கலாம். அங்கேயே 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம்முடையது கோடையில் சுருங்கிவிடும் சிறு தேக்கம். தாகத்தோடு இறங்கிவரும் விலங்குக்கு இங்கே மறுகரை என்று ஒன்று கிடையாது. உள்ளூர்ப் பிழைப்பு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு, மலையடிவாரத்துப் பளியர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் தந்து, காட்டையும் பறவைகளையும் காட்டும் வழிகாட்டிகளாக வனத்துறை அமர்த்தட்டும்.