கொம்புக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறமா?

குழந்தைகள் புத்தகத்தில் எழுத்துக்கு எழுத்து வண்ணம் மாற்றுவது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகக் கையால் மாற்றினால் நாள்கணக்கில் ஆகும். அதனால் வேலையைக் கணினியிடமே விட்டுவிடுகிறார்கள். விடட்டும். ஆனால் தமிழில் எழுத்து எது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தார்களா?

'அம்மா' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறி: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். குறிக்கு ஒரு நிறம் என்று கட்டளையிட்டால் மகரம் பச்சை, அதன் தலைப்புள்ளி சிவப்பு என்று வந்து நிற்கும். 'கொக்கு' இன்னும் மோசம். அதில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. சில மென்பொருள்கள் அதைப் பிய்த்து, நடுவில் புள்ளிவட்டம் ஒன்றை நட்டுவிடும். 'பூ'வில் பகரமும் சுழியும் ஒரே உருவம். பிரித்துத் தீட்ட இடமே இல்லை.

பக்கத்து வீட்டுப் பேத்தி ஒன்றாம் வகுப்பு. ஊதாநிறக் கொம்பின் மேல் விரலை வைத்து, "தாத்தா, இதென்ன எழுத்து?" என்றாள். என்னவென்று சொல்வது? அது எழுத்தே இல்லையே!

ஈய அச்சுக் காலத்தில் கொம்பு தனி அச்சு, ககரம் தனி அச்சுதான். ஆனால் இரண்டாவது நிறம் வேண்டுமென்றால் தாளை இன்னொரு முறை மெஷினில் விடவேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே எங்கே நிறம் தேவை என்று யோசித்தார்கள்.

என் கட்சி இதுதான்: முழு எழுத்துக்கு ஒரே நிறம். கணினியால் இது முடியும். முழு எழுத்தாகப் பிரிக்கும் விதியை யூனிகோடே வகுத்திருக்கிறது. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். அதிலும் அன்றைய பாடத்துக்குரிய எழுத்துக்கு மட்டும் நிறம் போதும். கொக்கு, கொடி, கொய்யா என்றால் 'கொ' சிவப்பு, மற்றதெல்லாம் கறுப்பு.

கறுப்பு ஒரே மையில் விழும். ஆரஞ்சுக்கு இரண்டு மை வேண்டும்; ஒன்று மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரம் கலங்கிவிடும். வெள்ளைத்தாளில் மஞ்சள் எழுத்து கண்ணுக்கே தெரியாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். குழந்தைக்கு வண்ணம் பிடிக்குமே என்பீர்கள். படத்தில் கொட்டுங்கள், யார் வேண்டாம் என்றது?

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ சங்கத்துக்கோ யாராவது இப்படிப் புத்தகம் போட்டால், அச்சுக்குப் போகுமுன் கொய்யா, கௌதாரி, பூ மூன்றையும் வண்ணத்தில் ஒரு தாளில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.