‘தொலைதூரம்’ எண்டால் எங்கயிருந்து?

கனடா எண்டால் எங்களில கனபேருக்கு ஸ்காபரோதான். மாமாவோ சித்தியோ அனுப்புற பனிப் படத்தோட எங்கட கனடா முடிஞ்சிடும். போன கிழமை புவியியல் பாடத்துக்காக வரைபடத்தை விரிச்சபோது, அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் ஒரு பெரிய நீலத்திட்டு கண்ணில் பட்டது. கிரேட் பெயர் ஏரி. பரப்பு ஏறக்குறைய 31,000 சதுர கிலோமீற்றர். இலங்கையில் அரைவாசிக்குக் கிட்ட! ஆழம் 400 மீற்றருக்கு மேல. ஆர்க்டிக் வட்டம் அதன் வடபகுதியை வெட்டிப் போகுது. நவம்பரில் உறையிற தண்ணி முழுசாகத் திறபட ஜூலை ஆகும்.

எங்கட குறிப்பில் இதுக்கு இருந்தது ஒரே வரி: ‘மக்கள் அரிதான தொலைதூர ஏரி’. இந்த வரியோடதான் எனக்குச் சண்டை.

ஏரிக்கரையில் டெலினே எண்டொரு ஊர் இருக்கு. அங்க இருக்கிற சில நூறு டெனே மக்களுக்கு அந்த ஏரி தொலைதூரம் இல்லை, வீடு. அவை அதைச் சாஹ்து எண்டு சொல்லினம்.

ஏரியின் கிழக்குக் கரை கனடியக் கேடயத்தின் பழம்பாறை. அதால அங்க கனிமம் இருந்தது. 1930இல் கண்டுபிடிச்சாங்கள், போர்ட் ரேடியம் சுரங்கம் வந்தது. முதல்ல ரேடியத்துக்கு. 1942இல் திரும்பத் திறந்தது யுரேனியத்துக்கு, அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்காக. தாது மூட்டைகளைப் படகுகளில் ஏற்றி இறக்கினவையில் டெனே ஆண்களும் இருந்தினம். என்ன சுமக்கிறம் எண்டு அவைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சுரங்கக் கழிவும் ஏரிக்குள்ள போனது.

சுமந்தவையில் பலர் பிறகு புற்றுநோயில செத்ததாக ஊர் சொல்லுது. தனித்தனி ஆளின் நோய்க்கு கதிரியக்கம்தான் காரணமோ எண்டு உறுதியாகச் சொல்ல முடியாது எண்டது 2005இல் வந்த கூட்டு ஆய்வறிக்கை. உயிரோட இருக்கேக்க ஆர் அவையைக் கணக்கெடுத்தது, இப்ப நிரூபிக்க? ‘ஆளில்லாத இடம்’ எண்டு எழுதிவைச்சால், அங்க நடக்கிறதைப் பதியவேண்டிய தேவையும் இல்லாமல் போகுது. அதுதான் அந்த ஒரு வரியின் ஆபத்து.

1998இல் டெலினேயிலிருந்து ஒரு குழு ஹிரோஷிமாவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டது. தெரியாமல் சுமந்தவை கேட்ட மன்னிப்பு அது! 2016இல் டெலினேக்குத் தன்னாட்சி கிடைச்சது. அதே வருசம் யுனெஸ்கோ அந்த ஏரியையும் சூழலையும் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

புவியியல் எண்டது பரப்பும் ஆழமும் மட்டும் எண்டு நான் இனி நம்பமாட்டன். அடுத்தமுறை பாடக்குறிப்பில் ‘தொலைதூரம்’ எண்டு வந்தால், கையை உயர்த்திக் கேளுங்கோ: எங்கயிருந்து, சேர்?