கம்பின் கனமா, வேகமா?

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சிலம்பம்? கம்பு சுத்த தோள்ல பலம் வேணாமா?" நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். கனமான கம்புதான் பலமாக அடிக்கும் என்ற எண்ணம் அதற்குக் காரணம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன். பழைய பிரெஞ்சு நூல்களில் அடியின் சக்திக்கு 'போர்ஸ் விவ்' என்று பெயர். உயிருள்ள விசை என்று பொருள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஹாலந்து விஞ்ஞானி ஒருவர் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழம் பதிந்தது. இந்த உயிருள்ள விசைக்காக 1740-ல் புத்தகம் எழுதி வாதாடியவர் எமிலி து ஷாத்லே என்ற பெண்மணி!

கம்புக்கும் இதே கணக்குதான். கனம் பாதியானால் அடியின் சக்தி பாதியாகும். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். ஆக, பாதிக் கனமுள்ள கம்பை இரட்டை வேகத்தில் வீசினால் இரண்டு மடங்கு சக்தி. அந்த வேகம் மணிக்கட்டின் பழக்கத்தில் வருகிறது. கை சாண் அளவு அசைந்தால் கம்பின் நுனி பல முழம் ஓடுகிறது.

கனத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. மிக லேசான கம்பை எதிராளியின் கம்பு எளிதில் தள்ளிவிடும். அதற்காகக் கனத்தை ஏற்றிக்கொண்டே போக முடியாது, வேகம் போய்விடும். ஐரோப்பிய வீரர்களின் ஒருகை வாள்கூட பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோதான். சினிமாவில் காட்டுகிற ராட்சத வாளை வைத்துச் சண்டை போட்டவர் யாருமில்லை.

நம் ஊரில் தடுத்தாட்கொள்ளப்பட்ட சுந்தரர், திருத்தொண்டத் தொகையில் ஏனாதிநாதரைப் பாடியிருக்கிறார். அவர் வாள்வித்தை கற்றுக்கொடுத்து வாழ்ந்தவர். தோள்பலம் மட்டும் போதுமென்றால் ஆசிரியர் எதற்கு?

அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்று சிலம்பமும் இருக்கிறது. 'பலம் போதாது' என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு பெண் குழந்தையின் உத்தியோகத்தையே தடுத்துவிடலாம். சர்க்கார் உத்தியோகம் ஒரு குடும்பத்தை எப்படி நிமிர்த்தும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பேத்தி ஆசைப்பட்டால் அவள் நெற்றி உயரத்துக்கு, கைக்கு அடங்கும் மூங்கில் கம்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். நல்ல ஆசானிடம் அனுப்புங்கள். மீதியை அவள் மணிக்கட்டு பார்த்துக்கொள்ளும்.