வாய்க்காலை மறந்த வாய்கள்!



கீரனூரில் மேடை போட்டால், காவிரியைப் பற்றி மூன்று மணி நேரம் முழங்க நம்மிடம் பேச்சாளர் உண்டு. கேட்டுக் கைதட்டக் கூட்டமும் உண்டு. முழங்குவோம், உரிமைக்குரல் ஓயக்கூடாது! ஆனால், சீமைக் கருவேலம் புதருக்குள் புதைந்து கிடக்கும் வரத்து வாய்க்காலுக்காகப் பேச நம்மிடம் எத்தனை வாய்கள் உண்டு?

காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் இந்த மாவட்டத்துக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். வரட்டும் அந்த நீர்; வரவேற்போம். அதுவரை வானம் காத்திருக்குமா? புவி சூடேறுகிறது, பருவம் தடுமாறுகிறது. பரவிப் பெய்ய வேண்டிய மழை சில நாளில் கொட்டித் தீர்க்கிறது. பின்னர் பயிர் வாடினாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தத் தடுமாற்றத்தைத் தாங்கத்தானே முன்னோர் ஏந்தல் வெட்டினர், கண்மாய் கண்டனர்! புதுக்கோட்டை மாவட்டத்தில் 5000-க்கும் மேற்பட்ட நீர்நிலைகள்! சோழர் காலக் குமிழிக் கற்களில், அவற்றை நாட்டியோர் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. மேற்குளம் நிரம்பினால், கலிங்கு வழியே கீழ்க்குளம் நிரம்பும். சங்கிலி அது! ஒரு கண்ணி அறுந்தால்? மேலே கரை உடையும். கீழே தரை வெடிக்கும்!

அறுத்தவர் யார்? அரசின் தைலமரத் தோட்டங்களில் எழுப்பிய வரப்புகள் மழைநீரைக் குளம் சேரவிடாமல் மறிக்கின்றன என்று உழவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். அது ஒருபுறம். மறுபுறம், வாய்க்காலை வயலாக்கியோர், குளத்தை மனையாக்கியோர். ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, அதை உறங்கவைக்கும் சிபாரிசும் இருக்கிறது! கசந்தாலும் சொல்லுகிறேன்: சிபாரிசுக்கு வருகிறவர் இடுப்பில் சில நேரம் நமது கரைவேட்டி!

பணம் படைத்தவன் பல நூறு அடி துளைத்து நீர் எடுப்பான். இரண்டு மா நிலத்தை நம்பி வாழ்பவனுக்குக் குளம்தானே கிணறு, குளம்தானே வங்கி! அவன் பங்கைப் பறிப்பவன் எந்தக் கட்சிக்காரனாயினும் அவன் ஏழையின் பகைவனே!

எனவே, ஐப்பசி மழைக்கு முன் கிளைக்கொரு வாய்க்கால் எடுங்கள். கிராமக் கணக்கு வரைபடத்தைக் கையில் வைத்து, தலைப்பிலிருந்து மடைவரை நடந்து பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். நம்மவர் ஆக்கிரமிப்பை முதலில் அகற்றுங்கள்! அதன்பின் காவிரிக்காக நாம் எழுப்பும் குரலுக்கு, கண்மாய்க் கரையில் நிற்கும் உழவனும் குரல் சேர்ப்பான்.