நெருக்கீடு யாருடைய நோய்?

மன அழுத்தம் என்பது பெரிய மனிதர்களின் நோய் என்ற எண்ணம் நம்மவர் மத்தியில் இன்றும் பலமாக வேரூன்றியிருக்கிறது. பணிப்பாளரும் பொது முகாமையாளரும் பிரதம ஆசிரியரும் ஆயிரம் பிரச்சினைகளைத் தலையில் சுமக்கிறார்களாம். வாசலில் நிற்கும் காவலாளிக்கும் இரவில் அமர்ந்து எழுத்துப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநருக்கும் என்ன கவலை என்று கேட்பார்கள். பத்திரிகைத் துறையில் நான் கழித்த ஆண்டுகள் முழுவதும் இந்தப் பேச்சைக் கேட்டு வந்திருக்கிறேன். இது பிழையென்று அறிவியல் சொல்லத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தச் செய்தி பல அலுவலகங்களின் மேல்மாடிக்கு இன்னமும் போய்ச் சேரவில்லை.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நமது பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு விடயங்களைக் குறித்து வருகின்றன. வேலையும் வாழ்க்கையும் தரும் நெருக்குதலுக்கும் அதே பெயர். மனச்சோர்வு என்னும் நோய்க்கும் அதே பெயர். செய்தி மேசையில் இதனை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். மறுநாள் மீண்டும் வந்து நிற்கும். வடக்கில் போர்க்காலத்தில் உளநலம் பற்றி எழுதியவர்கள் 'நெருக்கீடு' என்ற சொல்லைக் கையாண்டார்கள். நெருக்கீடு நீடித்தால் விளையக்கூடிய பலவற்றுள் மனச்சோர்வும் ஒன்று. இரண்டையும் பிரித்தறிவதற்கு வசதியான அந்தச் சொல்லையே இங்கு நானும் பயன்படுத்துகிறேன்.

நெருக்கீடு மேலதிகாரிகளின் நோய் என்ற எண்ணத்துக்கு ஒரு காலத்தில் அறிவியலின் முத்திரையும் கிடைத்திருந்தது. 1958இல் அமெரிக்க ஆய்வாளரான ஜோசப் பிரேடி, குரங்குகளைச் சோடி சோடியாகக் கதிரைகளில் பிணைத்துவைத்துச் செய்த பரிசோதனையொன்றை வெளியிட்டார். சோடியில் ஒரு குரங்கிடம் நெம்புகோல் ஒன்று இருக்கும். உரிய நேரத்தில் அதனை அழுத்தினால் இரண்டுக்கும் மின்னதிர்ச்சி இல்லை. தவறினால் இரண்டுக்கும் உண்டு. மற்றக் குரங்கு செய்வதற்கு எதுவுமில்லை. நெம்புகோல் வைத்திருந்த 'நிர்வாகி'க் குரங்குகளே இரைப்பைப் புண் வந்து மாண்டன. பொறுப்பு ஆளைக் கொல்லும் என்ற முடிவு உலகெங்கும் பரவியது. நிர்வாகிகளின் காதுகளில் அது தேனாகப் பாய்ந்திருக்கும். ஆனால் அந்தப் பரிசோதனையில் இருந்தவை நான்கே சோடிகள். அதிலும் நெம்புகோலை வேகமாக அழுத்தப் பழகிய குரங்குகளையே பிரேடி நிர்வாகிகளாகத் தெரிவு செய்திருந்தார். இயல்பிலேயே பதற்றம் கூடியவை அந்தக் கதிரையில் அமர்த்தப்பட்டிருந்தன என்பது பின்னர்தான் உணரப்பட்டது.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஜே வைஸ் என்பவர் இதே ஆய்வை எலிகளில், பாரபட்சமற்ற தெரிவுடன் செய்தார். முடிவு தலைகீழாக வந்தது. சக்கரமொன்றைச் சுழற்றி அதிர்ச்சியைத் தவிர்க்க முடிந்த எலிகளைவிட, அதேயளவு அதிர்ச்சியை எதுவும் செய்ய முடியாமல் வாங்கிக்கொண்டிருந்த எலிகளுக்கே இரைப்பைப் புண் அதிகம். மனிதருக்கு வரும் இரைப்பைப் புண்ணில் பெரும்பங்கு ஒரு பக்டீரியாவின் வேலை என்பது பிற்பாடு தெரியவந்தது. அது வேறு கதை. வைஸின் எலிகள் இன்னொன்றையும் காட்டின. அதிர்ச்சிக்கு முன்னர் எச்சரிக்கை ஒலி கேட்ட எலிகளுக்குப் புண் குறைவாகவே இருந்தது. வரப்போவது எப்போது வரும் என்று தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு என்றாகிறது.

எலிக்குப் பொருந்துவது எழுதுவினைஞருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அதற்கான விடை லண்டனின் வைட்ஹோல் வீதியில் இருக்கிறது. பிரித்தானிய அரசாங்கத்தின் அமைச்சுகள் அமைந்துள்ள அந்த வீதியின் பெயரைத் தாங்கிய ஆய்வு, 1967இல் ஏறத்தாழ 18,000 ஆண் அரசாங்க ஊழியர்களுடன் ஆரம்பமானது. ஆய்வின் முடிவுகளை உலகறியச் செய்த மைக்கல் மார்மட் கண்டது இதுதான்: ஆகக் கீழ்ப்படியில் இருந்த ஏவலாளர், வாயிற்காவலர் போன்றோர் இதயநோயால் இறந்த வீதம், உச்சியில் இருந்த நிர்வாகிகளின் வீதத்தைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். புகைத்தலும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. வறுமைதான் காரணம் என்றும் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஏனெனில் உச்சப் படிக்கு அடுத்த படியில் நல்ல சம்பளத்துடன் இருந்தவர்களும் உச்சப் படியினரைவிட நலங்குறைந்தே இருந்தார்கள். படி இறங்க இறங்க ஆபத்து ஏறியது.

யாழ்ப்பாணத்துப் பழமொழி ஒன்று எனக்கு இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பார்கள். வைட்ஹோலின் சாயலில் கொழும்பில் நிறுவப்பட்ட அரசாங்க சேவையில் ஓர் எழுதுவினைஞர் கதிரைக்காக நமது முந்திய தலைமுறையினர் பட்ட பாட்டை அறிவோம். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெரிய பாதுகாப்புத்தான். அதனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சேவையின் மூலவடிவத்திலேயே, பாதுகாப்பான தொழிலும் ஓய்வூதியமும் உள்ளவர்களிடையே, மரணம் பதவிப்படியைப் பார்த்து வந்திருக்கிறது.

1985இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹோல் ஆய்வு, பெண்களையும் சேர்த்து 10,308 பேரைப் பின்தொடர்ந்தது. தனது வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தனக்கு எவ்வளவு தீர்மானம் இருக்கிறது என்ற கேள்வி அதிலே முக்கியம் பெற்றது. தீர்மானம் குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகமாக வந்தது. மனநலமும் அவ்வாறே, தீர்மானம் குறைவு, ஆதரவில்லாத சூழல், உழைப்புக்கு ஈடாகாத மதிப்பு என்பன உளநலக் கோளாறுகளை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தன. நாளொன்றுக்கு 11 மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தவர்களுக்குக் கடும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, 7 அல்லது 8 மணித்தியாலம் உழைத்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். இவை அவதானிப்பு ஆய்வுகள். குழந்தைப் பருவமும் குடும்பநிலையும் இவற்றுள் கலந்தே இருக்கும் என்று கூறும் விமர்சகர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுக்குள்ளேயே ஒரு சம்பவம் உண்டு. ஆய்வுக்குட்பட்டிருந்த ஒரு திணைக்களத்தைத் தனியார்மயப்படுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. எவரும் வேலை இழக்கும் முன்னரே, என்ன நடக்கும் என்று தெரியாதிருந்த அந்த இடைக்காலத்திலேயே, அங்கிருந்தவர்களின் உடல்நலம் மற்றத் திணைக்களத்தவர்களோடு ஒப்பிடுகையில் சரிந்தது. 1995இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது வைஸின் எச்சரிக்கை ஒலிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மண்டையோட்டுக்குள் என்ன நடக்கிறது? நெருக்கீட்டின்போது அதிரினல் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கிறது. சிறிது நேரத்துக்கு அது நமக்கு உதவிதான். பத்திரிகை அச்சுக்குப் போகும் கடைசி அரைமணி நேரத்தில் கை அத்தனை வேகமாக ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். 1968இல் நியூயோர்க்கில் புரூஸ் மெக்கீவன், எலிகளில் இவ்வகை ஓமோன் நினைவுக்குரிய ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதியில் போய்த் தங்குவதைக் கண்டுபிடித்தார். நெருக்கீடு வயிற்றோடும் இதயத்தோடும் நிற்பதில்லை, மூளையையே தொடுகிறது என்பது அதன் பின்னர் மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. நீடித்த நெருக்கீட்டில் விலங்குகளின் ஹிப்போகம்பஸிலும், திட்டமிடலுக்கும் நிதானத்துக்கும் உரிய முன்மூளைப் புறணியிலும் நரம்புக் கிளைகள் சுருங்குகின்றன. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ அவை வளர்கின்றன. யோசிக்கும் பகுதி மெலிய, பயப்படும் பகுதி கொழுக்கிறது என்று சொல்லலாம்.

தீர்மானம் பற்றிய கேள்விக்கும் மூளையில் ஒரு விடை கிடைத்தது. 2005இல் கொலராடோவில் ஸ்டீவன் மாயர் குழுவினர், முன்மூளையின் ஒரு பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தால், அதிர்ச்சியை நிறுத்தும் வழி கையில் இருந்த எலிகளும் வழியே இல்லாத எலிகளைப் போலத் துவண்டுபோவதைக் காட்டினார்கள். 'இது என் கையில் இருக்கிறது' என்பதை உணர்ந்து, கீழேயுள்ள அபாயமணியை அடக்கிவைப்பது அந்தப் பகுதிதான். நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஒரு மாதகாலம் பெரும் பரீட்சைக்காகப் படித்துக் களைத்த மருத்துவ மாணவர்களை 2009இல் வெளியான ஆய்வொன்று பரிசோதித்தது. அவர்களின் கவனமும் முன்மூளைத் தொடர்புகளும் குழம்பியிருந்தன. பரீட்சை முடிந்து ஒரு மாதத்தில் சீராகிவிட்டன. ஆனால் அவர்கள் இளைஞர்கள். அவர்களின் பரீட்சைக்கு ஒரு முடிவுத் திகதியும் இருந்தது.

போரையே கண்டவர்கள் நீங்கள், அலுவலகத்து நெருக்கீடெல்லாம் ஒரு விடயமா என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. நம்மை நாமே கேட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால் உடல் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கேடு வைத்திருப்பதில்லை. மெக்கீவன் 1993இல் முன்வைத்த கருத்தின்படி, நெருக்கீட்டை எதிர்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் உடல் ஒரு விலையைச் செலுத்துகிறது. அந்தத் தேய்மானம் கூட்டுவட்டி போலச் சேர்ந்துகொண்டே போகிறது. இடம்பெயர்வையும் இழப்பையும் சுமந்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய், உணவகச் சமையலறையிலும் பெற்றோல் நிலையத்திலும் இரவுவேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் வெற்றேட்டுடன் தொடங்கியவர்கள் அல்லர். அவர்களிடம் 'இதுவும் ஒரு கஷ்டமா' என்று கேட்பது கணக்கறியாதவர் பேச்சு.

இனி நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ஒரு செயலமர்வு. மண்டபத்தில் குளிரூட்டி, சிற்றுண்டிப் பொதி, ஆழமாக மூச்சை இழுத்து விடச்சொல்லும் ஒரு வளவாளர். நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் அப்படியொரு செயலமர்வை இரவுக்கடமை முடித்தவர்களின் உறக்க நேரத்தில் வைத்தார்கள். வராதவர்களிடம் விளக்கமும் கோரினார்கள். தியானத்தையோ யோகாசனத்தையோ நான் பழிக்கவில்லை. ஆனால் 2024இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் வில்லியம் ஃபிளெமிங் என்பவர், 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் விபரங்களை ஆராய்ந்தார். மனவுறுதிப் பயிற்சி, நெருக்கீட்டு முகாமை வகுப்பு, கைத்தொலைபேசிச் செயலி முதலியவற்றில் பங்குபற்றியவர்கள், பங்குபற்றாதவர்களைவிட எவ்விதத்திலும் நலமாக இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில் வேலையின் அமைப்பைத் திருத்துவதையும் மேலதிகாரிகளைப் பயிற்றுவதையும் முன்னுக்கு வைத்தது. மேலதிகாரிக்குப் பயிற்சி என்றதும் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

செய்யவேண்டியவை பெரிய செலவுள்ளவையும் அல்ல. இரவுக்கடமைப் பட்டியலை ஒரு மாதத்துக்கு முன்னரே ஒட்டிவிடலாம். பக்கத்தை வடிவமைப்பவரிடம் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம். ஆட்குறைப்பு வரப்போகிறதென்றால் மாதக்கணக்கில் வதந்தியாக உலவவிடாமல் திகதியுடன் சொல்லிவிடலாம். விடுமுறை நாளில் பிரதேச நிருபருக்குத் தொலைபேசி எடுக்காமல் விடலாம். இவற்றைக் கேட்டால் 'பத்திரிகை என்றால் அப்படித்தான்' என்று பதில் வரும். எனது காலத்து ஆசிரியபீடங்களில் இந்தப் பதிலைப் பெருமையுடனேயே சொல்வார்கள்.

யப்பானில் அளவுமீறிய வேலையால் வரும் மரணத்துக்குக் 'கரோஷி' என்று தனிப்பெயரே உண்டு. அங்கு முதன்முதலாக அறியப்பட்ட அத்தகைய மரணம் 1969இல் நிகழ்ந்தது. மூளையில் ஏற்பட்ட பக்கவாதத்தால் இறந்த அந்த 29 வயது ஊழியர் வேலை பார்த்தது ஒரு பத்திரிகை நிறுவனத்தில், பிரதிகளைக் கட்டி அனுப்பும் பகுதியில். 2013 ஜூலையில், அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் செய்தியாளரான 31 வயதுப் பெண், இரண்டு தேர்தல்களின் செய்திகளைச் சேகரித்து முடித்த சில நாட்களில் இதயம் செயலிழந்து இறந்தார். இறப்பதற்கு முந்திய ஒரு மாதத்தில் அவர் செய்திருந்த மேலதிக வேலை 159 மணித்தியாலம். அது வேலையால் வந்த மரணமே என்று அரச தொழில் அலுவலகம் 2014இல் ஏற்றுக்கொண்டது. பிற நிறுவனங்களில் நடந்த கரோஷி மரணங்களைச் செய்தியாக்கி வந்த என்.எச்.கே., தனது சொந்தச் செய்தியாளரின் மரணத்தைப் பகிரங்கமாக அறிவித்தது 2017 ஒக்டோபரில்.