மேலே பூசுவதா, பெயர்த்துப் போடுவதா?

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பையின் சந்துகளில் சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்குவது வழக்கம். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் எனத் தமிழர் மிகுந்து வாழும் பகுதிகளில் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. தேய்ந்துபோன பழைய காங்கிரீட்டின்மேல் புதிதாக ஒரு பூச்சுப் பூசப்படுகிறது. இரண்டு நாளில் வேலை முடிந்து பெயர்ப்பலகையும் ஏறிவிடுகிறது. ஜூலையில் பூச்சு பெயர்ந்து மறுபடியும் ஜல்லி பல்லை இளிக்கிறது.

பணம் வீணாவது ஒரு புறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய தீங்கு, சந்து உயர்ந்துகொண்டே போவதுதான். ஒரு முறைக்கு இரண்டு அங்குலம் என்றால் ஐந்து முறைக்குப் பத்து அங்குலம். சந்து உயர்கிறது, வீட்டின் வாசற்படி உயர்வதில்லை. முன்பு படியேறி நுழைந்த வீட்டுக்குள் இன்று இறங்கி நுழைகிறார்கள். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட மழை அபூர்வம். ஆனால், பள்ளமாகிவிட்ட வீட்டுக்குள் சாக்கடை நீர் புகுவதற்கு அவ்வளவு மழை வேண்டியதில்லை. ஒரு மணி நேரச் சாரலே போதும். அரிசி மூட்டையும், பிள்ளைகளின் பாடப் புத்தகமும், பெட்டியில் வைத்த ரேஷன் கார்டும் நனைந்து போகின்றன.

அதற்காக, தேய்ந்த காங்கிரீட்டை எல்லாம் உடைத்தெறிய வேண்டும் என்று சொல்வதும் அறிவுடைமை ஆகாது. உடைக்கக் கூலி, இடிபாட்டைத் தலைச்சுமையாகப் பெரிய சாலை வரை கொண்டுபோகக் கூலி, பிறகு புதிதாகப் போடச் செலவு என மூன்று செலவுகள் அதில் உண்டு. எது பூச்சோடு தீரும், எது தீராது என்று பிரித்தறிவதே முக்கியம். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

முதலில், கெட்டிருப்பது மேல்தோலா, அடிமண்ணா என்று பார்க்க வேண்டும். மேற்பரப்பு மட்டும் தூளாக உதிர்ந்து, மயிரிழை விரிசல்கள் ஓடி, சுத்தியலால் தட்டினால் கெட்டியான ஓசை வந்தால் அடிப்பகுதி நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்கு மேற்பூச்சே போதும். விரிசலின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தாலும், மிதித்தால் பாளம் ஆடினாலும், தட்டும்போது பொள்ளல் ஓசை பரவலாகக் கேட்டாலும், கீழே மண் அரித்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அடியில் ஒரு குழாய் கசிந்துகொண்டிருக்கும். அதன்மேல் எவ்வளவு பூசினாலும் பழைய விரிசல் அதே இடத்தில் மேலே எழும்பி வரும்.

இரண்டாவது, மட்டம். அடிப்பகுதி நன்றாகவே இருந்தாலும், வாசற்படிக்கும் சந்துக்கும் இடையே உயரம் மிச்சமில்லை என்றால் மேலே பூசக்கூடாது. பழையதைப் பெயர்த்து அந்த அளவுக்குத்தான் புதியதைப் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே சாலையைப் புதுப்பிக்க வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியதும் வீடுகள் பள்ளமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மேற்பூச்சு என்று முடிவானால் அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பழைய தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவி, சிமெண்டுப் பால் தடவிய பிறகே புதுக் கலவை விழ வேண்டும். வழவழப்பான தளத்தின்மேல் அரை அங்குலம் மணலும் சிமெண்டும் தடவுவது மராமத்து ஆகாது. எந்த வேலையானாலும் குறைந்தது ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மே மாதக் கடைசியில் அவசரமாகப் போட்டு மறுநாளே கைவண்டியை ஓட்டினால் அது நிலைக்குமா? மழைக்கு முந்தைய வேலைகள் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்க வேண்டும்.

2023-ல் சுமார் 400 கிலோ மீட்டர் சாலைகளைக் காங்கிரீட் மயமாக்க ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் வேலைகளை மும்பை மாநகராட்சி ஒப்படைத்தது. தரத்தைக் கண்காணிக்க ஐ.ஐ.டி. அமர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கது. ஆனால், கார் போகும் சாலைக்கு உள்ள கண்காணிப்பில் நூற்றில் ஒரு பங்காவது கால்நடையாகப் போகும் சந்துக்கு வேண்டாமா? வார்டு என்ஜினீயர் வேலைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் வாசற்படி மட்டத்தை அளந்து பதிவு செய்யட்டும். உடைப்பதற்கு முன்பே குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய் இரண்டையும் சோதித்துப் பழுது நீக்கட்டும். இல்லாவிட்டால் புதுக் காங்கிரீட்டை ஆறு மாதத்தில் குழாய்க்காக மறுபடி உடைக்க நேரும்.

"எப்படியும் மறுசீரமைப்புத் திட்டம் வரப்போகிறது, எதற்கு இந்தச் செலவு?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராவித் திட்டம் 2004-லேயே அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மழைக்காலங்கள் வந்துபோய்விட்டன. இடம் மாறும் தேதி கைக்கு வந்தவர்கள் ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதில் நியாயம் உண்டு. தேதியே தெரியாதவர்களை அடுத்த மழை வரை காத்திருக்கச் சொல்வது நியாயமல்ல.

மக்களுக்கும் கடமை உண்டு. கலவை கொட்டிய பிறகு கூச்சலிடுவதால் பயனில்லை. மதிப்பீட்டில் உடைப்புச் செலவு சேர்க்கப்பட்டுள்ளதா, எத்தனை அங்குலக் கனம், என்ன கலவை என்பதைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு சாலிலும் மனு எழுதத் தெரிந்த ஒரு குமாஸ்தா இல்லாமல் போகமாட்டார். அவர் மற்றவர்களுக்காக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால், சந்திலுள்ள அத்தனை வீடுகளும் அடுத்த ஜூலையில் நனையாமல் இருக்கும்.

மேலே பூசுவது சுலபம், பெயர்த்துப் போடுவது சிரமம். எது சுலபம் என்று பார்த்து முடிவெடுத்ததால்தான் வீடுகள் பள்ளமாயின. இனியாவது எது தேவை என்று பார்த்து மாநகராட்சி முடிவெடுக்க வேண்டும்.